கிராபிக்ஸ் கார்ட் வாங்குமுன்: உங்கள் பழைய கணினிக்கு எது பொருந்தும், எங்கே ஏமாறுகிறோம்?

“மாமா, சித்தப்பா காசு போட்டிருக்கிறார். ஆர்.ரி.எக்ஸ். 3060 எடுக்கலாமோ?”

கிளிநொச்சியிலிருந்து மருமகன் வட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவன். கேம் விளையாடுவான், அதைப் பதிவு செய்து யூரியூப்பில் போடுவான், இப்போது பிளெண்டரில் முப்பரிமாண உருவங்கள் செய்யவும் பழகுகிறான். கனடாவிலுள்ள சித்தப்பா ஒரு தடவைதான் அனுப்புவார். பிழையான பொருளை வாங்கினால் திரும்ப வாங்கக் காசு இல்லை.

இதே கேள்வியைக் கடந்த சில வருடங்களில் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் இருப்பது கொழும்பிலிருந்து வரும் பாவித்த அலுவலகக் கணினிதான். அதற்குப் புது கார்ட் தேடும்போது, யூரியூப்பில் வெளிநாட்டு இளைஞர்கள் சொல்லும் ஆலோசனை அரைவாசிதான் பொருந்தும். அவர்களிடம் உள்ள பெட்டி வேறு, நம்மிடம் உள்ள பெட்டி வேறு. ஆகவே கார்ட்டின் பெயரிலிருந்து தொடங்காமல், வீட்டில் இருக்கும் பெட்டியிலிருந்து தொடங்குவோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. மிகப் பெரும்பாலான மடிக்கணினிகளில் கிராபிக்ஸ் பகுதியை மாற்ற முடியாது.

உண்மையில் கார்ட்தான் பிரச்சினையா?

கேம் இழுபட்டு ஓடுகிறது என்றால் எல்லோரும் கார்ட்டைத்தான் குறை சொல்வார்கள். அதைச் சோதிக்கக் காசு தேவையில்லை. கேமை ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்து, கார்ட் எத்தனை வீதம் வேலை செய்கிறது என்று பாருங்கள். 95 வீதத்துக்கு மேல் நின்றால் கார்ட்தான் திணறுகிறது. 50, 60 வீதத்தில் நின்றும் கேம் இழுபட்டால், தடை வேறெங்கோ இருக்கிறது. இன்னொரு சோதனையும் உண்டு. கேமின் திரைத் தெளிவைக் குறைத்துப் பாருங்கள். வேகம் நன்றாகக் கூடினால் கார்ட் போதவில்லை. கூடவே இல்லை என்றால் புரொசஸரோ ரம்மோ போதவில்லை. அப்போது புது கார்ட் போட்டாலும் பெரிய மாற்றம் வராது.

மருமகனின் கணினி 4ஆம் தலைமுறை ஐ5. அதில் 8 ஜி.பி. ரம் ஒரே துண்டாக இருந்தது. ரம் ஒரு துண்டாக இருந்தால் நினைவகத்துக்கான இரண்டு பாதைகளில் ஒன்றுதான் வேலை செய்யும். அதே வகையில் இன்னொரு 8 ஜி.பி. போட்டால் அளவு மட்டுமல்ல, வேகமும் கூடும். ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டால் கேம் திறக்கும் நேரம் குறையும். இந்த இரண்டும் கார்ட்டின் விலையில் சிறு பங்குதான். தூசு தட்டுவதற்கு அதுவும் தேவையில்லை. வன்னியின் புழுதியில் 2 வருடம் திறக்காத பெட்டி சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பவர் சப்ளையை முதலில் பாருங்கள்

கார்ட்டுக்கு மின்சாரம் இரண்டு வழிகளில் வருகிறது. மதர்போர்ட்டில் கார்ட் செருகப்படும் இடம் ஆகக்கூடியது 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்ட்டுக்கு பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வரவேண்டும். 6 பின் இணைப்பு 75 வாட்டுக்கும், 8 பின் இணைப்பு 150 வாட்டுக்கும் உரியவை.

அலுவலகக் கணினிகளின் பவர் சப்ளை பொதுவாக 240 முதல் 300 வாட் வரையே இருக்கும். பலவற்றில் கார்ட்டுக்கான தனி வயரே கிடையாது. கழற்றிவிட்டுப் பெரியது போடலாம் என்றால், சில மாதிரிகளில் மதர்போர்ட்டுக்குப் போகும் இணைப்பு வழமையான 24 பின்னாக இராது. அந்தக் கம்பனிக்கே உரிய 8 பின்னாக இருக்கும். மாற்றி வயர் இருந்தால்தான் சாதாரண பவர் சப்ளை பொருந்தும். பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்காமல் எதையும் ஓர்டர் செய்ய வேண்டாம்.

புது பவர் சப்ளை வாங்கும்போது பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள இலக்கத்தை நம்பாதீர்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். புரொசஸரும் கார்ட்டும் உறிஞ்சுவது அதிலிருந்துதான். 12 வோல்ட்டுக்கு நேரே 18 அம்பியர் என்று இருந்தால், 12 ஐ 18 ஆல் பெருக்க 216 வாட். முகப்பில் 500 வாட் என்று எழுதியிருந்தாலும் உங்கள் கைக்கு வருவது அந்த 216 தான். 80 பிளஸ் சான்று உள்ளதை, பெயர் தெரிந்த கம்பனியுடையதை, உத்தரவாதத்துடன் வாங்குங்கள்.

நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். 2019இல் ஒரு கடையில் மலிவான “500 வாட்” பவர் சப்ளை வாங்கினேன். நான்காம் மாதம் ஒரு மாலை டப் என்ற சத்தம், கருகிய மணம். மதர்போர்ட்டோடு ஹாட் டிஸ்க்கும் போனது. அதில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுடன் செய்த நேர்காணல்களின் ஒலிப்பதிவுகள் இருந்தன. பிரதி எடுத்து வைக்கவில்லை. அந்தக் குரல்களில் இரண்டு அம்மாக்கள் இப்போது உயிருடன் இல்லை.

சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள். “எப்படியாவது ஓட வைக்கலாம்” என்பது எங்களுக்குப் பழகிப்போன வழி. அந்த வழி எத்தனையோ தடவை எங்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் பவர் சப்ளையில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். குறிப்பாக, ஹாட் டிஸ்க்குக்கான சாட்டா வயரிலிருந்து கார்ட்டுக்கு மின்சாரம் எடுக்கும் மாற்றி வயர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட்தான் தாங்கும். 6 பின் இணைப்போ 75 வாட் வரை கேட்கும். இடையில் உள்ள பிளாஸ்ரிக் உருகும்.

பெட்டிக்குள் இடம்

ஒடுங்கிய சிறு பெட்டி என்றால் அரை உயரக் கார்ட்தான் போகும். வாங்கும்போது அதற்குரிய குட்டைத் தகடும் பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். உயரமான பெட்டியென்றாலும் கார்ட்டின் நீளத்தை அடிமட்டத்தால் அளந்து பார்க்க வேண்டும். பழைய பெட்டிகளில் ஹாட் டிஸ்க் கூடு குறுக்கே நிற்கும்.

திரையையும் பாருங்கள். பழைய மொனிற்றரில் வி.ஜி.ஏ. துவாரம் மட்டும் இருக்கலாம். இன்றைய கார்ட்களில் அது இல்லை. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றும் கருவி தேவைப்படும். வெறும் வயர் போதாது. உங்கள் திரை 1080பி, 60 ஹேர்ட்ஸ் என்றால், நொடிக்கு 150 படம் தரும் கார்ட்டுக்குக் கொடுக்கும் காசு அந்தத் திரையில் தெரியாது.

எந்தப் பவர் சப்ளைக்கு எந்தக் கார்ட்

*தனி வயர் இல்லாத பெட்டி (75 வாட்டுக்குள்):* ஆர்.ரி.எக்ஸ். 3050இன் 6 ஜி.பி. வகை 70 வாட் எடுக்கும், 2024இல் வந்தது. ஜி.ரி.எக்ஸ். 1650, 75 வாட், 4 ஜி.பி. அதிலும் சில கம்பனிகளின் தயாரிப்பில் 6 பின் துவாரம் இருக்கும் என்பதால் படத்தைப் பார்த்து வாங்குங்கள். ஆர்.எக்ஸ். 6400, 53 வாட், 4 ஜி.பி. மூன்றிலும் அரை உயர வகைகள் உண்டு.

*நல்ல 450 முதல் 550 வாட் பவர் சப்ளை:* ஆர்.எக்ஸ். 6600, 132 வாட், 8 ஜி.பி. இதற்கு 450 வாட் போதும் என்று ஏ.எம்.டி. சொல்கிறது. ஜி.ரி.எக்ஸ். 1660 சுப்பர், 125 வாட், 6 ஜி.பி. ஆர்.ரி.எக்ஸ். 4060, 115 வாட், 8 ஜி.பி.; இதற்கு என்விடியா 550 வாட் பரிந்துரைக்கிறது.

*550 வாட்டும் அதற்கு மேலும்:* ஆர்.ரி.எக்ஸ். 3060, 170 வாட், 12 ஜி.பி. இன்ரெல் ஆர்க் பி580, 190 வாட், 12 ஜி.பி.

இன்ரெல் ஆர்க் கார்ட்கள் விலைக்கு நல்லவை. ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்ட்டில் இல்லாவிட்டால் அவற்றின் வேகம் பெரிதும் விழுந்துவிடும். இன்ரெல் 10ஆம் தலைமுறைக்கு முந்திய பழைய கணினிகளுக்கு அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி., ஆர்.எக்ஸ். 6400 ஆகிய இரண்டையும் வாங்குமுன் இரண்டு விடயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அவை மதர்போர்ட்டுடன் 4 பாதைகளில் மட்டுமே கதைக்கும். பழைய மதர்போர்ட்டில் அந்தப் பாதைகளும் மெதுவானவை. அத்துடன், வீடியோவைப் பதிவு செய்யும் தனிப் பகுதி இவற்றில் இல்லை. கேம் விளையாடிக்கொண்டே பதிவு செய்து யூரியூப்பில் போடும் பிள்ளைக்கு இவை சரிவராது. பிளெண்டர் போன்ற மென்பொருள்களும் பழகுகிறார் என்றால் ஆர்.ரி.எக்ஸ். வரிசை பயன்படும்.

ஒரே பெயர், வேறு வேறு பொருள்

கடைகளில் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். இதில் கடைக்காரர் பொய் சொல்லவும் தேவையில்லை. அரைவாசி உண்மையே போதும்.

ஆர்.ரி.எக்ஸ். 3050 இல் 8 ஜி.பி., 6 ஜி.பி. என்று இரண்டு உண்டு. வேறுபாடு நினைவகத்தில் மட்டுமல்ல. முதலாவதில் 2560 கோர்கள், இரண்டாவதில் 2304. ஜி.ரி.எக்ஸ். 1060 இல் 6 ஜி.பி., 3 ஜி.பி. இரண்டிலும் அப்படித்தான், 1280, 1152. ஆர்.எக்ஸ். 580 கேட்டால், 2304க்குப் பதிலாக 2048 கோர்கள் கொண்ட ‘2048 எஸ்.பி.’ வகையைத் தருவார்கள். ஆர்.ரி.எக்ஸ். 3060 இலும் 12 ஜி.பி. வகைக்குப் பின்னர் 8 ஜி.பி. வகை ஒன்று வந்தது. அதன் நினைவகப் பாதையும் ஒடுங்கியது. ஜி.ரி. 1030 இல் டி.டி.ஆர்.4 நினைவகம் உள்ளது, ஜி.டி.டி.ஆர்.5 உள்ளதைவிட மிகவும் மெதுவானது. ஆகவே பெயரோடு நினைவக அளவையும் வகையையும் சேர்த்துக் கேளுங்கள். அவை மூன்றும் பற்றுச்சீட்டிலும் எழுதப்பட வேண்டும்.

பாவித்த கார்ட் வாங்கலாமா?

வாங்கலாம். நேரில் பார்த்து, ஓடவிட்டு, பிறகு காசு கொடுங்கள். எத்தேரியம் நாணயம் 2022 செப்ரெம்பரில் தன் முறையை மாற்றியபோது, அதற்காக இரவு பகலாக ஓடிய கார்ட்கள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒரு கார்ட் கெட்டுவிடாது. ஆனால் அதன் விசிறியும் வெப்பப் பசையும் நினைவகமும் களைத்திருக்கும்.

போலி கார்ட் இதைவிட மோசம். மிகப் பழைய ஒரு கார்ட்டின் உள் மென்பொருளை மாற்றி, ஜி.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ. என்று பெயர் காட்ட வைத்துவிடுவார்கள். விண்டோஸும் அந்தப் பெயரையே காட்டும். ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். என்விடியாவின் பெயரில் வரும் போலிகளை அது கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் போலி என்று எழுதிக் காட்டும். 1050 ரி.ஐ. என்று சொல்லும் கார்ட்டின் பின்புறம் வி.ஜி.ஏ. துவாரம் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். அந்தத் தலைமுறைச் சிப் வி.ஜி.ஏ. சமிக்ஞை தருவதில்லை.

பிறகு பர்மார்க் போன்ற சோதனை மென்பொருளை 15 நிமிடம் ஓடவிடுங்கள். திரையில் நிறப் புள்ளிகள், கோடுகள் வந்தால் நினைவகம் பழுது. விசிறி கரகரத்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். வெப்பநிலை 85 பாகைக்கு மேல் ஏறிக்கொண்டே போனால் விட்டுவிடுங்கள். “இஞ்ச கரண்ட் இல்லை, வீட்டில போட்டுப் பாருங்கோ” என்பவரிடம் வாங்காதீர்கள்.

பழைய ஜி.ரி.எக்ஸ். கார்ட்களைப் பற்றி இன்னொன்று. 900, 1000 வரிசைகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 ஒக்ரோபருடன் நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்ரோபர் வரை வரும். வலோரன்ட், கவுண்டர் ஸ்ரைக் 2, ஜி.ரி.ஏ. 5 மட்டும் விளையாடுபவருக்கு இது உடனடிப் பிரச்சினை அல்ல. ஆனால் 2024 இறுதியிலிருந்து வந்த இந்தியானா ஜோன்ஸ், டூம்: த டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் ரே ட்ரேசிங் வசதி இல்லாத கார்ட்டைத் தொடக்கத்திலேயே ஏற்பதில்லை. எந்த ஜி.ரி.எக்ஸ். கார்ட்டிலும் அவற்றுக்குத் தேவையான அந்தப் பகுதி இல்லை.

விலையும் வெளிநாட்டு உறவும்

ஆர்.ரி.எக்ஸ். 4060 அமெரிக்காவில் 299 டொலருக்கு அறிமுகமானது. டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 89,700 ரூபா. 2024 ஜனவரியிலிருந்து உள்ள 18 வீத வற் வரியை மட்டும் சேர்த்தாலே ஒரு இலட்சத்து ஐயாயிரத்தைத் தாண்டிவிடும். கப்பல் செலவும் வியாபாரியின் இலாபமும் அதற்கு மேல். யூரியூப்பில் கேட்ட டொலர் விலையைப் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. ஆனால் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் இரண்டு மூன்று கடைகளிலாவது விலை கேட்காமல் ஊரில் வாங்கவும் வேண்டாம்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருபவர் பையில் கொண்டுவரலாம். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230 வோல்ட் என்ற பயம் கார்ட்டுக்குத் தேவையில்லை. அது பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டில்தான் ஓடும். முழுக் கணினியையோ பவர் சப்ளையையோ கொண்டுவந்தால் மட்டும், பின்னால் 115, 230 என்று சுவிச் இருக்கிறதா, அது எதில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள். வெளிநாட்டில் வாங்கிய கார்ட்டுக்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா என்பதையும் வாங்குமுன்னரே விசாரிக்க வேண்டும்.

மின் கட்டணத்தையும் கணக்கில் எடுங்கள். ஒரு நாளைக்கு 4 மணித்தியாலம் முழு வேகத்தில் ஓடினால், 170 வாட் கார்ட் 30 நாளில் 20.4 அலகு எடுக்கும். 70 வாட் கார்ட் 8.4 அலகு. வித்தியாசம் 12 அலகுதான். ஆனால் நம் கட்டணம் படிமுறையில் ஏறுவது. 85 அலகில் நிற்கும் வீட்டை அந்த 12 அலகு 90ஐத் தாண்ட வைத்துவிடும்.

பெட்டியைத் திறக்குமுன்

திருகாணியைத் தொடுவதற்கு முன் ஹாட் டிஸ்க்கில் உள்ளதைப் பிரதி எடுங்கள். இதை நான் எல்லா வீட்டிலும் சொல்கிறேன். எங்கள் வீடுகளின் கணினிகளில் கேம் மட்டும் இல்லை. இடம்பெயர்ந்தபோது கைவிடப்பட்ட அல்பங்களில் மிஞ்சியதும், உறவினர்களிடமிருந்து தேடி எடுத்து ஸ்கான் செய்ததும் பெரும்பாலும் ஒரே ஒரு டிஸ்க்கில்தான் கிடக்கின்றன. மருமகன் தன் அப்பாவின் முகத்தை அறிந்தது நான்கு படங்களில். அந்த நான்கும் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தன.

பிரதி எடுத்த பிறகு, கணினியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கார்ட் உள்ளே போனதும் நுனியில் உள்ள பூட்டு கிளிக் என்று விழ வேண்டும். தனி வயர் தேவையானால் அதையும் கொடுங்கள். கடைசியாக, மொனிற்றர் வயரை மதர்போர்ட்டில் அல்ல, புது கார்ட்டில் செருகுங்கள். “கார்ட் போட்டும் ஒரு மாற்றமும் இல்லை” என்று என்னைக் கூப்பிட்டவர்களில் மூன்று பேர் வயரைப் பழைய இடத்திலேயே விட்டிருந்தார்கள்.

நாங்கள் என்ன வாங்கினோம்

மருமகனின் பெட்டியில் 290 வாட் பவர் சப்ளை. கார்ட்டுக்குத் தனி வயர் இல்லை. மதர்போர்ட் இணைப்பும் 8 பின். அவன் கேட்ட 3060க்குப் பவர் சப்ளையும் மாற்ற வேண்டும். மாற்றினாலும் அந்த ஐ5 அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆர்.ரி.எக்ஸ். 3050, 6 ஜி.பி. புதிதாக உத்தரவாதத்துடன் எடுத்தோம். கூடவே ஒரு ரம் துண்டு, ஒரு எஸ்.எஸ்.டி. ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு விளையாடத் தொடங்கிவிட்டான். நாளைக்குப் புது மதர்போர்ட் வாங்கினால் அந்தக் கார்ட்டும் எஸ்.எஸ்.டி.யும் அதற்கு மாறிப் போகும். ரம் மட்டும் போகாது.

மிஞ்சிய காசில் இரண்டு பொருள்கள் வாங்கினோம். ஒன்று, அந்த நான்கு படங்களையும் வீட்டுக் கடதாசிகளின் பிரதிகளையும் வைக்க ஒரு வெளி டிஸ்க். மற்றது அக்கா கேட்டது. மகன் கேம் விளையாடுவதைப் பற்றி அவ ஒன்றும் சொன்னதில்லை. நான் வெளிக்கிடும்போது வாசலில் நின்று ஒன்றுதான் சொன்னா: “தம்பி, அந்த வெடிச் சத்தம் மட்டும் எனக்குக் கேக்காமல் செய்து தா.”

ஆகவே கார்ட்டுக்கு விலை பேசும்போது, பட்டியலில் ஒரு ஹெட்செட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.